ஒருத்திக்கென்று ஒரு பெஞ்சு

கூட்டம் என்று சொன்னாலே தோர்டிஸுக்கு ஆகாது. முப்பது வருஷமாக ஹெஸ்ட்விக் பள்ளிக்கூடத்து முற்றத்தில் மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு இடைவேளைக் காவல் நிற்கிறவள் அவள். டீச்சர் கிடையாது, பதிவேட்டில் ‘உதவியாளர்’ என்றுதான் இருக்கும். விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடுவது, நனைந்த கையுறையைப் பிழிந்து கொடுப்பது, தரை உறைந்த காலையில் யாரும் வழுக்காமல் இருக்கச் சரளை தூவுவது, இதற்கெல்லாம் கூட்டம் எதற்கு என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் மாதம் இரண்டு கூட்டம். போனால் ஆறிப்போன காபி, தடித்த கோப்பு ஒன்று, அதன் பின்னால் தலைமையாசிரியர் யூஸ்டெய்னின் புன்னகை.

யூஸ்டெய்ன் நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இவரிடம் எதைச் சொன்னாலும், “முக்கியமான விஷயம் தோர்டிஸ், எழுதி வச்சுக்கறேன்” என்பார். எழுதியும் வைப்பார். பிள்ளைகளைப் பிள்ளைகளே வதைப்பதைத் தடுக்க அந்தப் பள்ளியில் நாற்பத்து மூன்று பக்கத்தில் ஒரு திட்டம் இருந்தது. அட்டையில் கைகோத்து நிற்கும் பிள்ளைகளின் படம். உள்ளே கட்டங்கள், அம்புக்குறிகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது யூஸ்டெய்னுக்கு மட்டும் யாரும் சொல்லாமல் விட்டுவிட்ட செய்தி.

பெஞ்சு வந்தது போன செப்டம்பரில்.

யோசனை ஹால்கெய்ருடையது. நாற்பது வயது, தச்சுப் பட்டறை வைத்திருக்கிறவன், பெற்றோர் குழு உறுப்பினன். அவன் மகள் ஹெட்டா நான்காம் வகுப்பு. குழுக் கூட்டத்தில் பொதுவாக வாய் திறக்காத ஆள், அன்றைக்கு மட்டும் எழுந்து நின்று, காகிதத்தில் வரைந்து வந்ததைக் காட்டினான். முற்றத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பெஞ்சு. விளையாட ஆள் இல்லாத பிள்ளை அதில் போய் உட்கார வேண்டும். அதைப் பார்க்கிற மற்ற பிள்ளைகள் வந்து, ‘எங்களோட வர்றியா?’ என்று கூப்பிட வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரு சனிக்கிழமை டூக்னாட் வைத்தார்கள். டூக்னாட் என்றால் கூலி இல்லாமல் ஊரே கூடிச் செய்கிற வேலை. பதினான்கு பெற்றோர் வந்தார்கள், ஒருவர் வாஃபிள் அப்பம் சுட்டார், ஒருவர் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி அடுக்கினார், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். பெஞ்சும் நல்ல பெஞ்சு. எட்டு போல்ட்டு போட்டுத் தரையோடு முறுக்கியிருந்தான் ஹால்கெய்ர். புயல் அடித்தாலும் அசையாது.

அந்தப் படத்தில் தோர்டிஸும் இருக்கிறாள், கையில் வாஃபிளோடு. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு எரிச்சல் வரும்.

முதல் வாரம் பெஞ்சில் இடம் பிடிக்க அடிதடி. இரண்டாம் வாரம் அலுத்துவிட்டது. மூன்றாம் வாரம் யாரும் அதன் பக்கமே போகவில்லை. ஏன் போவார்கள்? எனக்கு யாரும் இல்லை என்று தண்டோரா போட்டுக்கொள்ள ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பைத்தியமா? இது தோர்டிஸுக்கு மூன்றே வாரத்தில் புரிந்துவிட்டது. படித்தவர்களுக்குத்தான் புரியவில்லை.

நான்காம் வாரம் பெஞ்சுக்கு ஆள் கிடைத்தது. ஹெட்டாவின் வகுப்பில் சிக்னே என்று ஒரு பெண். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிற இங்வில்ட்டின் ஒரே மகள். மெதுவாகப் பேசுவாள், பேச்சை முடிக்க நேரம் எடுப்பாள். அவசரக்காரப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கப் பொறுமை இல்லை. அதற்கு முன்னாலும் அவளுக்குப் பெரிய கூட்டாளிகள் கிடையாது. ஊஞ்சலுக்கும் சறுக்குமேடைக்கும் நடுவே திரிவாள், யாராவது ஓடினால் தானும் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடுவாள். பார்க்கிறவருக்கு அவளும் ஆட்டத்தில் இருப்பது போலத்தான் தெரியும்.

பெஞ்சு வந்ததும் அந்தச் சின்ன மறைப்பும் போயிற்று. ஹெட்டாவும் தோழிகளும் நிற்கிற கால்பந்துக் கோல்கம்பத்துப் பக்கம் சிக்னே வந்தால் ஹெட்டா வாயே திறக்கமாட்டாள். திரும்பிப் பெஞ்சைப் பார்ப்பாள், அவ்வளவுதான். உடனே பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் பெஞ்சைப் பார்ப்பார்கள். அடியில்லை, திட்டில்லை, எந்தக் கட்டத்தில் எழுதுவது? “உன் இடம் காலியாத்தானே இருக்கு?” என்பாள் ஒருத்தி, ரொம்ப மரியாதையாக. சிக்னே போய் உட்காருவாள். உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவில் மிச்சமிருந்த ரொட்டி விளிம்பைக் கொறிப்பாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று மற்றவர்கள் தலையில் கை வைத்திருக்க வேண்டாமா? நடந்தது வேறு. நவம்பர் கூட்டத்தில் யூஸ்டெய்ன் மலர்ந்த முகத்தோடு அறிவித்தார்.

“பெஞ்சு தினமும் பயன்பாட்டில இருக்குங்கறது நமக்கெல்லாம் பெருமை.”

தோர்டிஸ் காபிக் குவளையைக் கீழே வைத்தாள். “யூஸ்டெய்ன், தினமும் அதுல உட்கார்றது ஒரே பிள்ளை.”

“ஆமா, சிக்னே. அவளுக்குத்தானே அது தேவை?”

“அவளை அங்க தள்ளி விடறாங்க.”

“யாராவது தொட்டாங்களா?”

“தொடவே இல்லைன்னுதானே சொல்றேன்!”

யூஸ்டெய்ன் எழுதிக்கொண்டார். அதன் பலன் இரண்டு வாரத்தில் சுவரில் தொங்கியது: தோழமைக் காவல் பட்டியல். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு, பெஞ்சில் இருப்பவளோடு விளையாட வேண்டும். முறை போட்டு. வீட்டில் பாத்திரம் கழுவ முறை போடுவதில்லையா, அது மாதிரி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போதாதென்று அந்தப் பூதத்துக்கு ஒரு சீருடையும் தைத்துக் கொடுத்தார் மனிதர்.

செவ்வாய், புதன் ஹெட்டாவின் முறை. ஒழுங்காக வருவாள். பெஞ்சின் அந்தக் கோடியில், ஒரு பக்கம் மட்டும் பட, உட்காருவாள். “என்ன விளையாடணும்?” என்பாள். சிக்னே யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவள் கண் பள்ளிக் கடிகாரத்துக்குப் போய்விடும். மணி அடித்ததும் வாசலில் வைத்திருக்கும் கை கழுவும் கிருமிநாசினிக் குப்பிக்கு ஓடுவாள். அங்கே தோழிகள் காத்திருப்பார்கள்.

“தேய், தேய், நல்லாத் தேய்! பெஞ்சு ஒட்டிக்கும்!”

“முழங்கை வரைக்கும் தேய்டீ, நேத்து லீனாவுக்கு முழங்கைல ஒட்டிக்கிச்சு!”

சிரிப்பு. கடைசியாக உள்ளே போகிற சிக்னேவுக்கு அது கேட்கும். ஆசிரியர்களுக்குக் கேட்காது, அவர்கள் கண்ணில் படுவது சுத்தமாகக் கை கழுவுகிற பிள்ளைகள்தான்.

தோர்டிஸ் கத்திப் பார்த்தாள். குப்பியை எடுத்து ஒளித்து வைத்தாள். மறுநாள் சட்டையில் துடைத்தார்கள். ஹெட்டாவை நிறுத்திக் கேட்டாள். “நான் அவளோட விளையாடினேன் தோர்டிஸ், பட்டியல்ல டிக் போட்டிருக்கேன், வந்து பாருங்க” என்று கண்ணைப் பார்த்துச் சொன்னாள் அந்தப் பெண். போய்ப் பார்த்தால் டிக் இருந்தது. என்ன செய்ய?

ஜனவரியில் பெற்றோர் கூட்டம். தோர்டிஸ் போகத் தேவையில்லை, ஆனாலும் போனாள். “அந்தப் பெஞ்சை எடுத்துடுங்க” என்றாள் எடுத்த எடுப்பிலேயே. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அந்த ஊரில் கடவுளைக் கூடக் குறை சொல்லலாம், டூக்னாட்டில் செய்ததைக் குறை சொல்லக் கூடாது.

“அது எல்லாரும் சேர்ந்து செஞ்சதாச்சே” என்றாள் வாஃபிள் சுட்டவள், புண்பட்ட குரலில்.

“இருபது வருஷம் உழைக்கிற மரம் போட்டிருக்கேன்” என்றான் ஹால்கெய்ர்.

“மரத்துமேல எனக்கு ஒரு குறையும் இல்ல ஹால்கெய்ர்!”

“நிறம் ரொம்ப அடிக்கிற மாதிரி இருக்கோ?” என்றார் ஒருவர். “பச்சை அடிச்சா கொஞ்சம் மென்மையா இருக்கும்.”

இங்வில்ட் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆலையிலிருந்து நேராக வந்தவள். வாயைத் திறந்தாள், சுற்றியிருந்த நல்லவர்களின் முகங்களைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். தன் பிள்ளைக்காக ஊர் இவ்வளவு செய்திருக்கிறதே, அதைப் போய் எப்படிக் குறை சொல்வது என்ற கூச்சம். முடிவில், பெஞ்சைப் பற்றி ஆராய மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அறிக்கை ஈஸ்டருக்கு முன். தோர்டிஸ் வீட்டுக்கு நடந்து போகும்போது, வழியில் கிடந்த பனிக்கட்டியை எல்லாம் உதைத்துக்கொண்டே போனாள்.

மார்ச் முதல் வாரத்தில் சிக்னேவுக்குக் காலைதோறும் வயிற்றுவலி. இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை இங்வில்ட்டின் பழைய கார் பள்ளிக்கூட வண்டி நிறுத்துமிடத்தில் வந்து நின்றது, கதவு திறக்கவில்லை. மணி அடித்து முடிந்து, பிள்ளைகள் எல்லாம் உள்ளே போன பிறகும் நின்றது. தோர்டிஸ் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“இறங்க மாட்டேங்குறா” என்றாள் இங்வில்ட். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “இழுத்துக்கிட்டா போக முடியும்? ஆலைக்கு நேரமாச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “தோர்டிஸ், யார்கிட்டயும் சொல்லல. ட்ரான்ட்ஹெய்ம்ல என் அக்கா இருக்கா. அவ வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இடம் இருக்காம். ஈஸ்டர் முடிஞ்சதும் சேர்க்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

“நீயும் போறியா?”

“இவளை மட்டும்தான். எனக்கு வேலை இங்கதானே?”

ஒன்பது வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் வைப்பது. தோர்டிஸ் பின்கதவைத் திறந்து சிக்னேயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறிவுரை சொல்ல வரவில்லை. அவளிடம் அறிவுரை தீர்ந்து போய் ரொம்ப நாளாயிற்று.

“என்ன செஞ்சா நீ இறங்குவ?” என்று மட்டும் கேட்டாள்.

சிக்னே நேரம் எடுத்துக்கொண்டாள். தோர்டிஸ் காத்திருந்தாள்.

“முன்னாடியும் எனக்கு யாரும் இல்லதான்” என்றாள் சிக்னே. “ஆனா அப்ப அது யாருக்கும் தெரியாது. எங்க வேணா நிப்பேன். இப்ப எனக்குன்னு ஒரு இடம் இருக்கு.”

நாற்பத்து மூன்று பக்கத்தில் இந்த ஒரு வரி எங்கேயாவது இருக்கிறதா?

அன்று இங்வில்ட் மகளைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மறுநாள் மாலை தோர்டிஸ் ஹால்கெய்ரின் பட்டறைக்குப் போனாள். அவன் சன்னல் சட்டம் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தை நிறுத்தும் வரைகூடப் பொறுக்கவில்லை அவள்.

“உன் பெஞ்சு ஒரு பிள்ளையை ஊரை விட்டே துரத்துது. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம். துரத்துறதுல முன்ன நிக்கிறது யார்னு தெரியுமா? உன் மக.”

ஹால்கெய்ரின் முகம் கறுத்தது. “ஹெட்டாவா? ஹெட்டா தோழமைக் காவல்ல ஒரு நாள்கூடத் தவறினதில்ல. டீச்சரே கடுதாசி எழுதி அனுப்பியிருக்காங்க, பாராட்டி.”

“அந்தக் கடுதாசியைக் கொண்டுபோய் அடுப்புல போடு. நாளைக்கு மதிய இடைவேளைக்கு வா. இருபது நிமிஷம் என் பக்கத்துல நில்லு. ஒண்ணும் பேச வேணாம், பாரு.”

“எனக்கு வேலை கிடக்கு.”

“எனக்கும்தான்! முப்பது வருஷமா அதேதான் வேலை. நான் பொய் சொல்றேன்னா நினைக்கிற? உன்னையும் பார்த்துதான் வளர்த்தேன். நாலாவது படிக்கறப்ப நீ எவ்வளவு சமத்து! ஒரு வம்பு தும்பு கிடையாது. கொதிகலன் அறைச் சுவரோரமா நீ பாட்டுக்குத் தனியா நின்னுக்கிட்டிருப்ப. உனக்குப் பிறந்ததா இது, நானே நம்பலை முதல்ல.”

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு மரத்தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே, “வர்றேன்” என்றான்.

சிக்னே அன்று புதன்கிழமை வந்திருந்தாள். மத்தியானம் வரைக்கும் இருந்தால் போதும் என்று அம்மாவிடம் ஒப்பந்தம். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஹால்கெய்ரின் வேன் வந்தது. கையில் கருவிப் பெட்டி. பெஞ்சின் போல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாக யூஸ்டெய்னிடம் சொல்லிவிட்டு, தோர்டிஸ் பக்கத்தில் சுவரோடு ஒதுங்கி நின்றான். ஹெட்டா அப்பாவைக் கவனிக்கவில்லை.

புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. தினமும் நடப்பதுதான் நடந்தது. சிக்னே வெளியே வந்து படிக்கட்டில் தயங்கி நின்றாள். கோல்கம்பத்திலிருந்து நாலைந்து தலைகள் ஒன்றாகத் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தன. அவள் போய் உட்கார்ந்தாள். ஹெட்டா பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து பெஞ்சின் கோடியில் ஒட்டினாள். சிக்னே ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஹெட்டா கடிகாரத்தைப் பார்த்தாள், காலை ஆட்டினாள், தோழிகளைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். இருபது நிமிஷம். ஹால்கெய்ர் அசையவில்லை. மணி அடித்தது.

“தேய், தேய்! பெஞ்சு ஒட்டிக்கும்!”

“ஹெட்டா, இன்னைக்கு உனக்கு மூக்கு வரைக்கும் ஒட்டியிருக்கு!”

ஹெட்டா சிரித்துக்கொண்டே கையைத் தேய்த்தாள். சிக்னே அவர்கள் போகும்வரை பெஞ்சிலேயே காத்திருந்தாள், வழிவிட்டு.

ஹால்கெய்ர் பெட்டியைத் திறந்து, ஸ்பானரை எடுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கு நடந்தான். சிக்னேயின் முன்னால் குனிந்து, “கொஞ்சம் எழுந்திருக்கிறியாம்மா, இதை நான் எடுத்துட்டுப் போகணும்” என்றான். அவள் எழுந்ததும் மண்டியிட்டு முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். யூஸ்டெய்ன் மேல்கோட்டுக்கூட இல்லாமல் ஓடி வந்தார்.

“ஹால்கெய்ர், என்ன பண்றீங்க? குழு இன்னும் அறிக்கை கொடுக்கலையே!”

“கொடுக்கட்டும்.”

“இது பள்ளிக்கூடத்தோட சொத்து…”

“மரம் என்னோடது” என்றான் ஹால்கெய்ர். மூன்றாவது போல்ட்டு துருவேறியிருந்தது. பல்லைக் கடித்து முறுக்கினான்.

“அப்பா, நாங்க ஒண்ணும் பண்ணல!” என்றாள் ஹெட்டா. யாரும் அவளை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் ஹெட்டா. சாயங்காலம் பேசுவோம்.”

எட்டு போல்ட்டும் கழன்றன. ஒரு கோடியை ஹால்கெய்ர் தூக்க, மறு கோடியைத் தோர்டிஸ் தூக்கினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆறு மாத எரிச்சல் அப்படியே இறங்கியது போலிருந்தது. வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“இதை அன்னைக்கே செஞ்சிருந்தா ஆறு மாசம் மிச்சம்! இப்படி ஒண்ணைச் செய்யணும்னு எப்படித்தான் உனக்குத் தோணிச்சோ!”

ஹால்கெய்ர் வேனில் சாய்ந்து நின்றான். “எனக்கு வேணும்னு இருந்துது” என்றான்.

“எது?”

“பெஞ்சு. நாலாவதும் அஞ்சாவதும் படிக்கறப்ப. அந்தக் கொதிகலன் சுவரோரமா ரெண்டு குளிர்காலம் நின்னேன். பசங்க என்னைச் சேர்த்துக்கல. அங்க நிக்காதேன்னு யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு தினமும் நினைப்பேன். அப்படி ஒரு இடம் இருந்தா, அதுல உட்கார்ந்தாலே எல்லாருக்கும் புரிஞ்சிடும்னு நினைச்சேன். அப்ப நான் உட்கார்ந்திருப்பேன், தோர்டிஸ். சத்தியமா.”

அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“ஹெட்டா பொறந்தப்ப, இவ ஒரு நாளும் தனியா நிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். எப்பவும் நாலு பேரோட இரு, எல்லாருக்கும் முன்னாடி இருன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். நல்லாத்தான் கத்துக்கிட்டா.”

“நான் நினைச்சேன்…” என்றாள் தோர்டிஸ். “அந்தச் சுவர் கதகதப்பா இருக்கும். அதுக்காகத்தான் நிக்கிறேன்னு நினைச்சேன்.”

“தெரியும். ஒரு நாள் கிட்ட வந்து, ‘நல்ல இடமாப் பார்த்துப் பிடிச்சிருக்க’ன்னு சொல்லிட்டுப் போனீங்க.”

அவன் குறையாகச் சொல்லவில்லை. வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தோர்டிஸ் அங்கேயே நின்றாள். இந்த ஆறு மாதமும் யூஸ்டெய்னைத் திட்டினாள், பெற்றோரைத் திட்டினாள், மூன்று பேர் குழுவைத் திட்டினாள், நாற்பத்து மூன்று பக்கத்தையும் திட்டினாள். அந்தக் கொதிகலன் சுவரிலிருந்து பத்து அடி தள்ளி, இதே மேலங்கியில், இரண்டு குளிர்காலம் நின்ற ஒருத்தியை மட்டும் இத்தனை நாள் திட்டவே இல்லை. யாரும் அவனை அடிக்கவில்லை. அதனால் அவள் எதையும் பார்க்கவில்லை. யூஸ்டெய்ன் கேட்டாரே, ‘யாராவது தொட்டாங்களா’ என்று, அவருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? வெட்கத்தில் காது மடல் வரை எரிந்தது.

வியாழக்கிழமை காலை இங்வில்ட்டின் கார் வந்தது. கதவு கொஞ்சம் திறந்தது.

“நிஜமாவே போயிடுச்சா?” என்றாள் சிக்னே.

“வந்து பாரு.”

முற்றத்தின் நடுவில் எட்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. தோர்டிஸ் விடியும் முன்பே வந்து அவற்றில் சரளையை அடைத்திருந்தாள். சிக்னே அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு ஊஞ்சலுக்கும் சறுக்குமேடைக்கும் நடுவில், தன் பழைய இடத்தில் போய் நின்றாள். கோல்கம்பத்தில் நின்றவர்கள் வழக்கம்போலத் திரும்பினார்கள். பார்க்க ஒன்றும் இல்லாமல் விழித்தார்கள்.

ஹெட்டா அந்தக் கூட்டத்தில் இல்லை. வீங்கிய கண்களோடு வந்தவளைத் தோழிகள் கேள்வி கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். அவள் பதில் சொல்லாமல் விலகிப் போய் நின்றுகொண்டிருந்தாள். நின்ற இடம் கொதிகலன் அறைச் சுவர்.

‘ஒண்ணை எடுத்தா இன்னொண்ணா? இன்னும் எத்தனை?’ என்று தோர்டிஸ் வாய்க்குள் முனகினாள். ஆனால் இந்தத் தடவை நிற்கவில்லை. சாமான் அறையிலிருந்து நீளக் கயிறு ஒன்றை எடுத்து வந்தாள், மூன்று ஆள் நீளத்துக்கு. நேராகச் சுவரோரம் போய் ஒரு முனையை ஹெட்டாவின் கையில் திணித்தாள்.

“சுத்து.”

“நானா?”

“உன் கை வலிமையாத்தானே இருக்கு? தினமும் எப்படித் தேய்க்கிற! சுத்து.”

மறு முனையைத் தானே பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதில் தோள் வலித்தது. முதலில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் மூன்று வந்து குதித்தன. அப்புறம் இரண்டு ஐந்தாம் வகுப்பு. வரிசை வளர்ந்தது. கோல்கம்பத்துக் கூட்டம் கரைந்து வால்பக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த வாலின் பின்னால், யார் கூப்பிட்டும் அல்ல, வரிசை என்று ஒன்று இருந்ததால், சிக்னே வந்து நின்றாள். அவள் முறை வந்தபோது ஹெட்டாவின் கை ஒரு கணம் தயங்கியது. தோர்டிஸ் கயிற்றை விடாமல் இழுத்தாள். கயிறு சுற்றியது. சிக்னே பதினொன்று வரை குதித்து, கால் இடறி நின்றாள்.

“பதினொண்ணு” என்றாள் ஹெட்டா, தரையைப் பார்த்துக்கொண்டே. எண்ணியிருக்கிறாள்.

கார் இன்னும் போகவில்லை. இங்வில்ட் அன்று ஆலைக்கு முக்கால் மணி தாமதம்.

வெள்ளிக்கிழமை காலை அவளிடமிருந்து தோர்டிஸின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: ‘இடம் வேண்டாம்னு சொல்லிட்டேன். கோடை விடுமுறை வரைக்கும் பார்க்கிறோம்.’ கோடை வரைக்கும் என்றால் தினமும் கயிறு சுற்ற வேண்டும். சரி, சுற்றினால் போயிற்று. ஹால்கெய்ர் புதன்கிழமைதோறும் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தான்.

அன்று மாலையே கூட்டம். ஆறின காபி. மூன்று பேர் குழு சொன்ன தேதிக்குள் அறிக்கை கொடுத்துவிட்டது: பெஞ்சுக்குப் பச்சை வண்ணம் அடிக்கலாம். யூஸ்டெய்ன் அதை முழுவதும் வாசித்தார், பெஞ்சே இல்லை என்பது தெரிந்தும். பிறகு கேட்டார், “வேற ஏதாவது?”

தோர்டிஸ் ஒரு தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். பிள்ளை வதைபடுவதைப் பார்த்த பெரியவர் எவரும் அன்றைக்கே நிரப்பித் தர வேண்டிய படிவம். பள்ளியின் திட்டத்தில் அவள் மதித்த ஒரே பக்கம் அதுதான். யூஸ்டெய்ன் வாசித்தார். பிள்ளையின் பெயர்: ஹால்கெய்ர், நான்காம், ஐந்தாம் வகுப்பு. இடம்: கொதிகலன் அறைச் சுவர். எத்தனை நாள்: இரண்டு குளிர்காலம். பார்த்த பெரியவர்: தோர்டிஸ். அவர் செய்தது: ஒன்றுமில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தோர்டிஸ், இது முப்பது வருஷத்துக்கு முந்தினது. இதை நான் எந்த வருஷத்துக் கோப்புல வைக்கிறது?”

“இந்த வருஷத்துலயே வைங்க” என்றாள் தோர்டிஸ். “அவன் இன்னும் இந்த ஊர்லதானே இருக்கான்.”

யூஸ்டெய்ன் புன்னகைக்கவில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. தாளை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். தோர்டிஸ் எழுந்து நாற்காலியில் கிடந்த மஞ்சள் மேலங்கியை எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு முன்னால் அதைத் துவைத்தாக வேண்டும்.